சாயத் தண்ணீர், ஆசிட், சயனைடு: சேலத்தில் அரசுத் தரப்பு வக்கீலின் வேலை என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் உள்ளாட்சி அமைப்புகளுக்காக ஆஜராகிறேன். ஆபத்தான ரசாயனம், நச்சுக் கழிவு சம்பந்தமாக மக்களும், சுகாதார ஆய்வாளர்களும், புதிதாக கறுப்பு கோட்டு போட்ட ஜூனியர்களும் மாறி மாறிக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில பதில் நீளும், சில ஒரு வரியில் முடியும். உங்கள் சொந்த வழக்குக்கு இதை மட்டும் நம்பி இறங்காமல் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

மாநகராட்சி வக்கீல், அரசு வக்கீல், வாரிய வக்கீல் எல்லாரும் ஒருத்தர்தானுங்களா?

இல்லை. சேலம் மாநகராட்சிக்கென்று தனியாக நியமிக்கப்பட்ட வக்கீல்கள் உண்டு. ஆணையர் தரும் அதிகாரத்தில் அவர்கள் ஆஜராவார்கள். கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார் எதிர்மனுதாரராக இருக்கும் சிவில் வழக்குகளுக்கு மாவட்ட அரசு வழக்கறிஞர். போலீஸ் போட்ட கிரிமினல் வழக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடத்துவது உதவி அரசு வழக்கறிஞர். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தனி வக்கீல். சென்னையில் உயர் நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலும் இதே வரிசை இன்னொரு தடவை, வேறு ஆட்களோடு.

ஒரே சாயப்பட்டறை விவகாரத்துக்கு நாலு வக்கீல் நாலு கேஸ் கட்டோடு நிற்பதும், ஒருத்தர் தாக்கல் செய்த பதில் மனுவில் என்ன இருக்கிறது என்று இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருப்பதும் சகஜம். எதிர்த்தரப்பு வக்கீலிடம் மட்டும் நாலும் இருக்கும். அவர் அதை அழகாகப் பயன்படுத்துவார்.

கண்ணெதிரே கழிவை ஆற்றில் விடுகிறான். மாநகராட்சி வக்கீல் நேராக கேஸ் போட வேண்டியதுதானே?

போட முடியாது. வக்கீலுக்கு வழக்குப் போடும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரத்தை ஒவ்வொரு சட்டமும் ஓர் அதிகாரிக்குத்தான் கொடுக்கிறது. 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்த எந்தத் தனி மனிதரும் புகார் செய்யலாம். பூச்சிமருந்துச் சட்டம், 1968 என்றால் மாநில அரசின், அல்லது அரசு அதிகாரம் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். வெடிபொருள், பெட்ரோலியம் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி தனித்தனி வாசல்.

தவறான வாசல் வழியாகப் போன வழக்கு, உள்ளே எவ்வளவு வலுவான ஆதாரம் இருந்தாலும் முதல் வாய்தாவிலேயே ஆட்டம் காணும். அதனால் கோப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது என்ன கொட்டினான் என்பதை அல்ல. கையெழுத்துப் போட்டிருப்பவருக்கு அந்தச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறதா என்பதை.

அப்போ மாநகராட்சி கையில் ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது, பயன்படுத்துவதுதான் குறைவு. தொழில் உரிமத்தை ரத்து செய்யலாம். குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பைத் துண்டிக்கலாம். கட்டட அனுமதி இல்லையென்றால் பூட்டி சீல் வைக்கலாம். 1939-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சுகாதாரக் கேட்டை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க அதில் வழி உண்டு. சேலத்துக்கு 1994-ல் வந்த தனி மாநகராட்சிச் சட்டத்தின் இடத்தில் இப்போது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும் நடக்கின்றன. பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை அச்சடித்த நோட்டீஸ் படிவம் இன்னும் புழக்கத்தில் இருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

இதையெல்லாம் விட வேகமான வழி கோட்டாட்சியர் கையில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பொதுத் தொல்லை என்று தகவல் வந்தால், நிபந்தனை உத்தரவு போட்டுத் தொழிலை நிறுத்தச் சொல்லலாம். ஆபத்து உடனடியானது என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் 161-ன் கீழ் தடை போடலாம். விசாரணையை 90 நாளில், காரணம் எழுதினால் 120 நாளில் முடிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. 1980-ல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 133-ஐ நகராட்சி மீதே பாய்ச்சியது, 'எங்களிடம் பணம் இல்லை' என்கிற வாதத்தை ஏற்க மறுத்தது. மாநகராட்சி வக்கீல்கள் எல்லாரும் படித்த தீர்ப்புதான் அது. எதிர்த்தரப்பு அதை எடுத்து வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

திருமணிமுத்தாற்றில் நுரை பொங்குகிறது, தண்ணீர் கலர் கலராக ஓடுகிறது. ஊரே பார்க்கிறது. இதை விட என்ன ஆதாரம் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் சேலத்து வழக்குகள் பாதி இங்கேதான் சாகின்றன.

சேர்வராயன் மலையில் பிறந்து, நகரத்துக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டம் போய்க் காவிரியில் கலக்கும் ஆறு அது. கரையெங்கும் சாக்கடை, பட்டறை, வீட்டுக் கழிவு எல்லாம் சேருகிறது. ஆற்றில் நுரை இருப்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் கோர்ட் கேட்பது 'இந்த நுரை இந்தப் பட்டறையின் குழாயிலிருந்து வந்ததா?' என்று. அதற்குப் பட்டறையின் வெளியேற்றுக் குழாயில் எடுத்த மாதிரி வேண்டும், ஆற்றில் எடுத்தது போதாது.

அந்த மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று தண்ணீர் மாசைத் தடுக்கும் சட்டத்தின் (சுருக்கமாகத் தண்ணீர்ச் சட்டம்) 21-வது பிரிவு படிப்படியாகச் சொல்கிறது. முதலில், பகுப்பாய்வு செய்யப்போகிறோம் என்கிற நோட்டீஸை அங்கேயே, அப்போதே பட்டறைக்காரரிடமோ அவர் ஆளிடமோ கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் தண்ணீரை இரண்டு பாகமாகப் பிரித்து, இரண்டு பாத்திரத்திலும் அடையாளம் போட்டு, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தாமதம் இல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதற்கும் வழி எழுதியிருக்கிறது; வேண்டுமென்றே ஆள் ஓடிப்போனாலும் வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவிலும் கிட்டத்தட்ட இதே நடைமுறை. இரண்டு சட்டமும் ஒரே மாதிரி ஒரு வாக்கியம் வைத்திருக்கின்றன: இந்த நடைமுறை பின்பற்றப்படாவிட்டால் பகுப்பாய்வு முடிவு எந்தச் சட்ட நடவடிக்கையிலும் சாட்சியமாக ஏற்கப்படாது. கவனியுங்கள், மதிப்பு குறையும் என்று இல்லை, ஏற்கப்படாது.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். ராத்திரி மழை பெய்கிறது, மழையோடு மழையாகத் தொட்டியைத் திறந்து விடுகிறார்கள், தகவல் வந்து ஆய்வாளர் ஓடுகிறார். கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலில் பிடிக்கிறார். நோட்டீஸ் படிவம் ஆபீசில் இருக்கிறது. கேட் பூட்டியிருக்கிறது, உள்ளே இருக்கும் வடநாட்டுத் தம்பிக்குத் தமிழ் தெரியாது, ஓனர் போனை எடுப்பதில்லை. மறுநாள் காலை சீல் வைத்து, மகஜரில் (சம்பவ இடத்தில் சாட்சிகளோடு எழுதும் குறிப்பு) முந்தின நாள் தேதி போட்டு, ஆய்வகத்துக்குப் போகிறது. உழைப்பு உண்மை, கழிவும் உண்மை. கேஸ் மட்டும் அந்த பாட்டிலோடு முடிந்தது.

இதற்குத்தான் வக்கீல் முன்னாலேயே தேவைப்படுகிறார். சோதனைக்குக் கிளம்பும் முன் பையில் என்ன இருக்க வேண்டும், எந்தச் சட்டத்தின் பெயரில் போகிறோம், யார் கையெழுத்துப் போடுவது, ஆள் இல்லையென்றால் மகஜரில் எந்த வரி வர வேண்டும் என்பதெல்லாம் அரை மணி நேரப் பேச்சு. அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வருகிற அதிகாரிகள் சிலர் உண்டு, அவர்கள் வழக்குகள் நிற்கின்றன. மற்ற கோப்புகள் ஸ்டே வந்த பிறகுதான் என் மேஜைக்கு வருகின்றன.

பட்டறையை இடித்தார்கள், ஒரே வாரத்தில் ஸ்டே வாங்கி விட்டார்களே. கோர்ட் அவர்கள் பக்கமா?

கோர்ட் யார் பக்கமும் இல்லை, உத்தரவைப் பார்க்கிறது. மூடச் சொல்வதற்கோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ உத்தரவு போடும் முன் ஆட்சேபனை சொல்ல 15 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் விதிகளின் 4-வது விதி. பெரிய கேடு நடக்கப்போகிறது என்றால் அவகாசம் இல்லாமலும் போடலாம், ஆனால் ஏன் என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 'பொதுநலன் கருதி' என்று இரண்டு சொல் எழுதினால் காரணம் ஆகாது. எந்த நாள், எந்தக் குழாய், எவ்வளவு தூரத்தில் குடிநீர்க் கிணறு, யார் புகார், ஆய்வாளர் கண்டது என்ன, இதெல்லாம் வேண்டும்.

பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. ஓர் உத்தரவு அதிலேயே எழுதியிருக்கும் காரணத்தால்தான் நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து முட்டுக் கொடுக்க முடியாது என்று 1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதில் மனு எழுதும் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

இடிப்பது தனிக் கதை. உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 13 தீர்ப்புக்குப் பிறகு 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது. ஆனால் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடத்தை ஆக்கிரமித்த கட்டுமானத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே ஆற்றங்கரைப் பட்டறை என்றால் முதலில் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து, ஆற்றுப் புறம்போக்கில் எத்தனை அடி வருகிறது என்று வரைபடம் வாங்குங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் ஸ்டே கிடைப்பது கஷ்டம்.

அபராதம் எவ்வளவு வரும்? ஏதோ ஆயிரம் ரெண்டாயிரம் கட்டி விட்டுப் போய் விடுவார்கள் என்கிறார்களே?

அந்தக் காலம் போய்விட்டது. சுற்றுச்சூழல் இழப்பீடு கணக்கிட மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. தொழிலின் மாசுக் குறியீடு, மீறல் நடந்த நாட்கள், ஒரு ரூபாய்க் காரணி, தொழிலின் அளவு, ஊரின் மக்கள்தொகைக் காரணி, ஐந்தையும் பெருக்க வேண்டும். மாசு அதிகமான சிவப்பு வகைத் தொழிலுக்குக் குறியீடு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30. ரூபாய்க் காரணி 100 முதல் 500 வரை, சாதாரணமாக 250.

சிவப்பு வகையில் வரும் ஒரு சின்ன சாயப்பட்டறை 30 நாள் கழிவை விட்டதாக வைத்துக்கொள்வோம். 80 பெருக்கல் 30 பெருக்கல் 250, ஆறு லட்சம். சிறு தொழில் என்பதால் 0.5-ஆல் பெருக்கினால் மூன்று லட்சம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஊர்க் காரணி 1. ஆக மூன்று லட்சம் ரூபாய், நாளைக்குப் பத்தாயிரம். எவ்வளவு சின்னத் தொழிலாக இருந்தாலும் நாளைக்கு 5,000-க்குக் குறையக் கூடாது என்று அடித்தட்டும் உண்டு.

இப்படி இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டா என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. உண்டு என்று 2025 ஆகஸ்டில் டெல்லி மாசு கட்டுப்பாட்டுக் குழு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. இனி சண்டை 'எத்தனை நாள்' என்பதில்தான். 30 நாள் என்று எழுதினால் முதல் நாளும் கடைசி நாளும் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இங்கே மின் கட்டணக் கணக்கு ரொம்ப உதவும். மூடிக் கிடந்ததாகச் சொல்லும் பட்டறையின் மீட்டர் ஓடியிருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

ஜெயில் கிடையாதா?

முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை இருந்தது. ஜன் விஷ்வாஸ் திருத்தத்தால் 2024 ஏப்ரல் 1 முதல் அது பணத் தண்டனையாக மாறிவிட்டது: பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை. கோர்ட்டுக்குப் பதிலாகத் தீர்ப்பு அதிகாரி ஒருவர் விதிப்பார். விதித்த பணத்தை 90 நாளில் கட்டாவிட்டால் அப்போது மூன்று வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. என் கருத்தைக் கேட்டால், சிறை என்று எழுதி வைத்துப் பத்து வருஷம் வாய்தா வாங்கியதற்கு இது தேவலை, ஆனால் பதினைந்து லட்சத்தைத் தொழில் செலவாகக் கணக்கு எழுதக்கூடிய பெரிய கம்பெனிகளுக்கு இது பயமே இல்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) தனியாக இருக்கிறது. விஷப்பொருளில் அஜாக்கிரதை 286, வெடிபொருள் 288, பொது ஊற்று, நீர்த்தேக்கத்தைக் கெடுப்பது 279, காற்றைக் கெடுப்பது 280. 280 தவிர மற்றவை போலீஸ் நேராகப் பதிவு செய்யக்கூடிய வழக்குகள்.

எங்க தெருவில் வெள்ளிப் பட்டறை. கொலுசுக்கு ஆசிட் போடும்போது மூச்சு முட்டுது. யாரிடம் போறது?

செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. இங்கே நான் கொஞ்சம் இரண்டு பக்கமும் பேசுவேன். வீட்டு முன்னறையில் குடும்பமே உட்கார்ந்து கண்ணி கோர்க்கும் தொழில் அது. சீல் வைத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். அதனால் முதல் நோட்டீஸ் ஆசிட் வேலையை மட்டும் வீட்டுப் பகுதியிலிருந்து பிரித்து எடுக்கச் சொல்வதாக இருந்தால் நல்லது. பெரும்பாலும் அதிலேயே தீரும்.

ஆசிட் விற்பனைக்கு வேறு கயிறு. 2013 ஜூலையில் லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, சில்லறையாக விற்பவர் வாங்குபவரின் பெயர் முகவரி, அளவு எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டை பார்க்க வேண்டும், எதற்கு என்று கேட்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. கையிருப்பை 15 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பறிமுதலும் 50,000 ரூபாய் வரை அபராதமும். பட்டறையை மட்டும் பார்க்காமல் ஆசிட் சப்ளை செய்யும் கடையின் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள் என்று ஆய்வாளர்களிடம் நான் சொல்வது இதனால்தான். பட்டறை முகவரிகள் அங்கேயே கிடைக்கும்.

பட்டறையில் சயனைடு இருந்தால்?

1919-ம் ஆண்டு விஷப்பொருள் சட்டமும் அதன் மாநில விதிகளும். உரிமம் இல்லாமல் கையில் இருந்தால் விளையாட்டு இல்லை. தெரிந்தால் மனு எழுதிக்கொண்டிருக்காமல் போலீசுக்குப் போன் செய்யுங்கள்.

ஜவ்வரிசியை வெளுக்க ரசாயனம் போடுகிறார்கள் என்று பிடிக்கிறார்களே, அதுவும் இதில் வருமா?

அது உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006. மாதிரியை நான்கு பாகமாக எடுக்க வேண்டும், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தரம் குறைவு என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து ஐந்து லட்சம் வரை அபராதம் விதிப்பார். பாதுகாப்பற்ற உணவு என்று அறிக்கை வந்தால் கிரிமினல் கோர்ட். ஆனால் ஒன்று. ஆலைக்குள் பேரல் பேரலாக ஆசிட்டும் பிளீச்சிங் திரவமும் இருந்தால், ஜவ்வரிசியைப் பிடித்து விட்டு பேரலை விட்டு வருவது பாதி வேலை. பேரலுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தையும் தொழிலகப் பாதுகாப்புத் துறையையும் அன்றே கூப்பிட வேண்டும். துறைகள் தனித்தனியாகப் போனால் இரண்டாவது துறை போகும்போது பேரல் இருக்காது.

ஏற்காட்டில் கடைகளில் பாட்டிலில் பெட்ரோல் விற்கிறார்கள். தப்பா?

தப்பு. சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கப் பெட்ரோலியம் சட்டத்தில் இடம் உண்டு, அதுவும் விற்பனைக்கு இல்லையென்றால் மட்டும். விற்க என்றால் ஒரு லிட்டருக்கும் சலுகை கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு வழியில் வண்டி நின்றால் அந்தப் பாட்டில்தான் தெய்வம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்திலேயே டீக்கடை அடுப்பு எரிகிறது.

காபி எஸ்டேட்டில் தடை செய்த பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று சந்தேகம்.

காபித் தண்டுத் துளைப்பானுக்கு ஒரு காலத்தில் லிண்டேன்தான் மருந்து. 2013-லிருந்து நாட்டில் அதன் பயன்பாட்டுக்கே தடை. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பழைய சரக்கு மலையில் எங்கேயாவது குடோனில் இருந்தால் வேளாண் துறையின் பூச்சிமருந்து ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

கடையில் எடுக்கும் போலிப் பூச்சிமருந்து வழக்குகளில் வேறு ஒரு பள்ளம் உண்டு. பகுப்பாய்வு அறிக்கை கைக்கு வந்த 28 நாளுக்குள் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அதை ஆட்சேபித்து, மத்திய ஆய்வகத்துக்கு மறு சோதனை கேட்கலாம். அது அவர் உரிமை. துறை ஒப்புதல் வாங்கி, கோப்பு சுற்றி, வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது மருந்தின் காலாவதித் தேதி தாண்டியிருக்கும். காலாவதியான மருந்தை மறு சோதனை செய்து என்ன பயன், என் உரிமை போச்சு என்று உயர் நீதிமன்றம் போவார், வழக்கு ரத்தாகும். அதனால் மாதிரி எடுத்த அன்றே டப்பாவில் உள்ள காலாவதித் தேதியைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதச் சொல்வேன். சின்னப் பழக்கம்தான்.

தேசிய நெடுஞ்சாலையில் ஆசிட் டேங்கர் கவிழ்ந்தால் உள்ளாட்சி வக்கீலுக்கு என்ன வேலை?

அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை, தீயணைப்பு வீரருக்குத்தான் வேலை. டேங்கரில் ஒரு பலகை இருக்கும், அதில் நாலு இலக்க ஐ.நா. எண்: பெட்ரோல் 1203, கந்தக அமிலம் 1830, நைட்ரிக் அமிலம் 2031, குளோரின் 1017. கவிழ்ந்த வண்டியைப் பார்த்தால் போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகாமல் தூரத்திலிருந்து அந்த எண்ணை 112-ல் சொல்லுங்கள்.

மறுநாள்தான் வக்கீல் வேலை தொடங்கும். வண்டியும் சரக்கும் கோர்ட் உத்தரவில் சீக்கிரம் வெளியே போய்விடும்; அதற்கு முன் பலகை, ஓட்டுநரின் ஆபத்துப் பொருள் உரிமம், அவசரத் தகவல் அட்டை எல்லாம் படமும் மகஜரும் ஆக வேண்டும். மண்ணை அள்ளிச் சுத்தம் செய்த செலவு, கிணறு கெட்டது, குடிநீர் லாரி விட்டது, இதற்கெல்லாம் ஊராட்சி கணக்கு வைத்தால்தான் பிறகு வசூலிக்க முடியும். அள்ளிய மண்ணும் அபாயக் கழிவே. அதைக் குப்பைமேட்டில் கொட்டினால் அடுத்த வழக்கு ஊராட்சி மேல். வாரியத்தின் அனுமதியோடு கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்குப் போக வேண்டும், கூடவே சரக்குச் சீட்டும் போக வேண்டும். தொப்பூர் கணவாயில் நடந்தால் தர்மபுரி மாவட்டம் என்பதையும் மறக்க வேண்டாம், எல்லையில் இரண்டு பக்கமும் 'உன்னது' என்று சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சியே தப்பு செய்தால்? அதே வக்கீல்தானே காப்பாற்ற வருவார்?

வருவார், அதுதான் அவர் தொழில். ஆனால் சட்டம் அரசுத் துறையை விட்டுவிடவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு துறைத் தலைவரையே பொறுப்பாக்குகிறது. பெயிண்ட் டப்பா, டியூப் லைட், காலாவதி மருந்து போன்ற வீட்டு அபாயக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லின. உங்கள் மண்டலத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். நல்ல மாநகராட்சி வக்கீல் இந்த மனு வருவதற்கு முன்னாலேயே ஆணையருக்குக் குறிப்பு எழுதியிருப்பார். ஊர் பட்டறைகளுக்கு நோட்டீஸ் விடும் அமைப்பின் சொந்த முதுகு அழுக்காக இருந்தால், எதிர்த்தரப்பின் முதல் வாதமே அதுவாகத்தான் இருக்கும்.

விபத்தில் அடிபட்டவர்களுக்குப் பணம் எப்படிக் கிடைக்கும்?

1991-ம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், ஐந்து வருஷத்துக்குள். யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். கலெக்டர் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். அதற்கு மேல் இழப்பீடு வேண்டுமென்றால் பசுமைத் தீர்ப்பாயம், அங்கேயும் ஐந்து வருஷம். ஆபத்தான தொழில் செய்பவன் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, முழுப் பொறுப்பும் அவனுடையது என்பது டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-ல் வந்த சட்டம். காப்பீட்டுச் சட்ட மனு ரொம்பக் குறைவாகத்தான் போடப்படுகிறது, அப்படி ஒன்று இருப்பதே நிறைய வக்கீல்களுக்கு நினைவில் இல்லை.

அமெரிக்காவில் உள்ளூர் அரசு வக்கீலே கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுக்கிறாராமே?

ஆமாம், கலிபோர்னியாவில் மாவட்டங்களின் அரசு வழக்கறிஞர்களும் சில நகரங்களின் வழக்கறிஞர்களும் தாங்களே அபாயக் கழிவு வழக்குத் தொடரலாம். 2010-ல் வால்மார்ட் அங்கே 27.6 மில்லியன் டாலர் கட்டி சமரசம் செய்தது. கடைகளில் மிஞ்சிய பூச்சிமருந்து, பிளீச் மாதிரி சரக்கைக் கண்டபடி அப்புறப்படுத்தியதாக வழக்கு. அங்கே வக்கீலிடமே விசாரணை ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி வர வேண்டுமா என்றால், எனக்கு ஆசைதான், ஆனால் அதற்குச் சட்டம் மாற வேண்டும். சட்டம் மாறாமலே செய்யக்கூடியது, சோதனைக்குப் போகும் குழுவோடு வக்கீலை முன்கூட்டி உட்கார வைப்பது.

சரி, நான் சாதாரண ஆள். மனுவில் என்ன எழுதினால் உங்கள் மாதிரி ஆட்களுக்கு உபயோகம்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'பல வருடங்களாக', 'அனைத்து மக்களும்' என்று ஆரம்பிக்காதீர்கள். தேதி, நேரம், கதவு எண், எந்தப் பக்கக் குழாய், என்ன நிறம், என்ன வாடை, அன்று மழையா வெயிலா என்று எழுதுங்கள். கழிவு வருவது தினமும் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் அது தங்கம், ஆய்வாளர் அந்த நேரத்துக்குப் படிவத்தோடு வர முடியும். கழிவை நீங்களே பாட்டிலில் பிடித்து வர வேண்டாம், கோர்ட்டில் அது செல்லாது, கையும் வெந்து போகலாம்.

செல்போன் வீடியோ எடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி விட்டு அழித்து விடாதீர்கள். எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டி வரும், அதில் கோப்பின் ஹாஷ் எண் (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எழுத இடம் இருக்கிறது. நாலு குரூப் சுற்றி வந்த வீடியோவுக்கு அந்த எண் பொருந்தாது. பட்டறைக்காரரின் சாதி, அவர் எந்தக் கட்சிக்காரருக்குச் சொந்தம் என்பதை எல்லாம் மனுவில் எழுதவே வேண்டாம். முன்விரோதம் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு வரி போதும்.